சமப் பங்கு நியாயம் ஆகுமா?

டாக்டர் வீட்டுப் பையன் பியெரீனோ முதல் வகுப்பில் காலடி வைக்கும்போதே எழுதப் படிக்கத் தெரிந்தவன். அவன் அப்பாவும் அம்மாவும் வீட்டில் பேசுகிற இத்தாலிய மொழிதான் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. தெரிந்ததையே எதற்கு மறுபடி படிப்பானேன் என்று அவனை நேரே இரண்டாம் வகுப்புக்கு ஏற்றிவிடுகிறார்கள். உழைப்பாளி வீட்டுப் பையன் ஜான்னிக்கோ பதினான்கு வயது. அவன் அப்பா நான்காம் வகுப்பைக்கூட முடிக்காமல் பன்னிரண்டு வயதில் கொல்லுப் பட்டறைக்கு வேலைக்குப் போனவர். ஜான்னிக்கு ஒரு சாதாரண வினைச்சொல்லைப் பிழையில்லாமல் எழுத வராது. ஆனால் வேலை, கூலி, குடும்பக் கஷ்டம், ஊர் நடப்பு எல்லாம் பெரியவர்களைப் போலவே தெரியும். பள்ளிக்கூடம் அவனை ஃபெயிலாக்கி வெளியே அனுப்பிவிட்டது.

இருவருக்கும் ஒரே பாடநூல், ஒரே கேள்வித்தாள், ஒரே மதிப்பெண் கணக்கு. ஆசிரியை யாருக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை.

1967 மே மாதம் ஃபிளாரன்ஸ் நகரில் வெளியான 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்ற சிறு புத்தகம் இந்த இரண்டு பையன்களையும் எதிரெதிரே நிறுத்தியது. எழுதியவர்கள் பார்பியானா என்ற மலைக் கிராமத்துப் பள்ளியின் மாணவர்கள் எட்டுப் பேர். அவர்களுக்குப் பின்னால் இருந்தவர் லொரென்சோ மிலானி என்ற பங்குத்தந்தை. புத்தகத்தின் வாதத்தை ஒரே வரியில் சுருக்கலாம்: சமமில்லாதவர்களுக்கிடையே சமமாகப் பங்கிடுவதுதான் இருக்கிற அநியாயங்களிலேயே பெரியது. நோயாளிகளை விரட்டிவிட்டு நலமாக இருப்பவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரியோடு அவர்கள் அன்றைய பள்ளியை ஒப்பிட்டார்கள்.

இது கல்வித்துறைக்குள் அடங்கிவிடுகிற கேள்வி இல்லை. நீதி என்றால் என்ன என்று யோசித்த எல்லோரும் இதில் முட்டி நின்றிருக்கிறார்கள். சமமானவர்களுக்குச் சமமாகவும் சமமில்லாதவர்களுக்கு வேறுபடுத்தியும் பங்கிடுவதே நீதி என்றார் அரிஸ்டாட்டில். ஆனால் அவர் கணக்கில் கூடுதல் பங்கு தகுதி கூடியவனுக்குப் போகிறது. பியெரீனோவை இரண்டாம் வகுப்புக்கு ஏற்றியவர்களும், தெரிந்தோ தெரியாமலோ, அந்தக் கணக்கைத்தான் போட்டார்கள். பார்பியானா மாணவர்கள் கேட்டது இதற்கு நேர் எதிரானது: குறைவாகக் கிடைத்தவனுக்குக் கூடுதலாகக் கொடு. அதற்கு அவர்கள் காட்டிய சான்று தங்கள் நாட்டின் அரசியலமைப்புச் சட்டம். குடிமக்களின் சமத்துவத்துக்குத் தடையாக இருக்கும் பொருளாதார, சமூக இடையூறுகளை அகற்றுவது குடியரசின் கடமை என்று 1948-ல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் மூன்றாவது பிரிவு சொல்கிறது. காகிதத்தில் இருந்த அந்தக் கடமையைத் தங்கள் வகுப்பறைக்கு வந்து நிறைவேற்றுங்கள் என்றார்கள் மலைப் பையன்கள்.

ஒரு கத்தோலிக்கக் குரு இந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார்?

மிலானி 1923 மே 27 அன்று ஃபிளாரன்ஸில் வசதியும் படிப்பும் நிறைந்த குடும்பத்தில் பிறந்தார். கொள்ளுத் தாத்தா தொமெனிகோ கொம்பரேத்தி பேர்பெற்ற மொழியியல் அறிஞர். தாய் யூதப் பின்னணி கொண்டவர். மிலானி ஓவியம் படித்தார். இருபது வயதில் கிறிஸ்தவ நம்பிக்கைக்குள் வந்து, 1943-ல் குருமடத்தில் சேர்ந்து, 1947-ல் குருப்பட்டம் பெற்றார். ஜான்னியின் கதையைத் தட்டி எழுப்பியவர், பிறப்பால் பியெரீனோவின் வர்க்கத்தைச் சேர்ந்தவர்.

பட்டம் பெற்ற ஆண்டே அவர் உதவிப் பங்குத்தந்தையாகப் போன இடம் ஃபிளாரன்ஸுக்கு அருகே உள்ள கலென்ஸானோ. நெசவாலைத் தொழிலாளர்களும் விவசாயிகளும் வாழ்ந்த அந்தப் பங்கில் இளைஞர்களுக்கு இரவுப் பள்ளி தொடங்கினார். தொடங்கியதும் அவர் செய்த காரியம் பலரைத் திடுக்கிட வைத்தது. வகுப்பறைச் சுவரிலிருந்த பாடுபட்ட சுரூபத்தை, அதாவது இயேசுவின் உருவம் தாங்கிய சிலுவையை, எடுத்துவிட்டார். கம்யூனிஸ்ட் குடும்பத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்து, இது நமக்கான இடமில்லை என்று வாசலோடு திரும்பிவிடக் கூடாது என்பதே காரணம்.

ஒரு குரு சிலுவையை எடுத்துவிட்டுப் பாடம் நடத்தலாமா? மறைக்கல்வி சொல்லித் தரவேண்டியவர் இலக்கணமும் நாளிதழும் சொல்லித் தருவது கடமையிலிருந்து விலகுவதாகாதா? 1958-ல் வெளியான 'மேய்ப்புப் பணி அனுபவங்கள்' என்ற தன் நூலில் அவர் இதற்கு விரிவாகப் பதில் சொன்னார். பங்கு மக்களின் நம்பிக்கை வாழ்வை நேரடியாக ஆராய்ந்து, புள்ளிவிவரங்களோடு அவர் கண்ட முடிவு இது: ஏழைகள் செபங்களை மனப்பாடமாகச் சொல்கிறார்கள், திருவிழாக்களுக்குத் திரளாக வருகிறார்கள். ஆனால் மறையுரையின் மொழி அவர்களை எட்டவில்லை. சொல்வளம் இல்லாதவனிடம் எந்த நற்செய்தியும் உள்ளே இறங்காது. ஆகவே முதலில் சொற்களைக் கொடுக்க வேண்டும், அதன் பிறகு அவன் தானே தேடிக்கொள்வான். கத்தோலிக்கத் திருச்சபை எண்ணுவது ஏழு திருவருட்சாதனங்களை. தனக்குப் பள்ளிக்கூடம் எட்டாவது என்று மிலானி கருதினார். அந்த ஆண்டே டிசம்பரில் உரோமையின் திரு அலுவலகம் (ஹோலி ஆஃபீஸ்) நூலைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற உத்தரவிட்டது. அந்தத் தடை இனிச் செல்லாது என்று உரோமை தெரிவித்தது 2014-ல்தான்.

நூல் வெளிவருவதற்கு முன்பே அவரைக் கண்காணாத இடத்துக்கு அனுப்பியாகிவிட்டது. 1954 டிசம்பரில், மழைக்கு நடுவே, அவர் பார்பியானாவுக்கு வந்து சேர்ந்தார். முஜெல்லோ பகுதியில் ஜோவி மலைச்சரிவில் ஒரு கோயில், ஒரு சிறு கல்லறைத் தோட்டம், காட்டுக்குள் சிதறிக் கிடந்த சில வீடுகள். அவ்வளவுதான் ஊர். சாலை இல்லை, மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. மூடிவிடலாம் என்று மேலிடம் நினைத்திருந்த பங்கு அது. வந்த மறுநாளே மிலானி கீழே விக்கியோ நகராட்சிக்குப் போய், பார்பியானா கல்லறையில் தனக்கு ஓர் இடத்தை விலைக்கு வாங்கினார். இனி எங்கும் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

அந்த மலைப் பகுதிகளில் ஆரம்பப் பள்ளி என்பது ஓர் ஆசிரியர், ஓர் அறை, ஐந்து வகுப்புகளும் ஒன்றாக உட்காரும் இடம். அதோடு பெரும்பாலான பிள்ளைகளின் படிப்பு முடிந்தது. அடுத்த நிலைக்குப் போனவர்கள் ஃபெயிலாகித் திரும்பி வந்து மாடு மேய்த்தார்கள். மிலானி இந்தப் பிள்ளைகளைக் கோயிலை ஒட்டிய தன் வீட்டில் கூட்டினார்.

காலையில் தொடங்கும் பள்ளி மாலை வரை நடந்தது. ஞாயிறும் உண்டு, ஆண்டு முழுவதும் உண்டு. இடைவேளை, விடுமுறை என்பதே கிடையாது. மேசைகளையும் அலமாரிகளையும் பிள்ளைகளே செய்தார்கள். ஒரு பாடத்தைப் புரிந்துகொண்டவன் புரியாதவனுக்குச் சொல்லித் தர வேண்டும், மெதுவாகப் பிடிக்கிறவன் பிடித்துக்கொள்ளும் வரை வகுப்பு நகராது. தினமும் நாளிதழை உரக்கப் படித்து, ஒவ்வொரு சொல்லையும் உடைத்துப் பார்த்தார்கள். தண்ணீரைக் கண்டால் பயப்படும் மலைப் பிள்ளைகளுக்காக எல்லோருமாகச் சேர்ந்து சிறிய நீச்சல் குளம் ஒன்றைக் கட்டினார்கள். வெளிநாட்டு மொழிகள் கற்றுக்கொண்டு, கோடையில் இங்கிலாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் என்று வேலைக்குப் போய்ப் பேசிப் பழகி வந்தார்கள்.

1963-ல் மிலானியின் பள்ளிக்கு ஒரு நல்ல தொடர்பு கிடைத்தது. வடக்கே பியதேனாவுக்கு அருகே கிராமத்து ஆரம்பப் பள்ளியில் ஆசிரியராக இருந்த மாரியோ லோதி தன் மாணவர்களோடு சேர்ந்து கூட்டாக எழுதும் முறையைக் கையாண்டு வந்தார். இரண்டு பள்ளிகளும் கடிதம் எழுதிக்கொண்டன. அந்த முறையில்தான் 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' உருவானது. ஒவ்வொருவரும் தோன்றியதைத் துண்டுச் சீட்டில் எழுதுவார்கள், சீட்டுகளைப் பொருள்வாரியாகப் பிரிப்பார்கள், வேண்டாத ஒவ்வொரு சொல்லையும் வெட்டுவார்கள். எழுத வராது என்று ஃபெயிலாக்கப்பட்ட பிள்ளைகள் எழுதிய அந்தப் புத்தகம் பல மொழிகளுக்குப் போனது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பின்தங்கிய ஒருவனுக்காக வகுப்பு நின்றுகொண்டே இருந்தால், முன்னால் இருப்பவனுக்குச் செய்வது அநீதி ஆகாதா? நாற்பது பிள்ளைகளோடு மல்லாடும் எந்த ஆசிரியருக்கும் இது தினசரிக் கேள்வி. மிலானியின் மதமும் இதைத் தவிர்க்கவில்லை. காணாமல்போன ஓர் ஆட்டுக்காகத் தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டுப் போகும் மேய்ப்பனின் கதையை லூக்கா நற்செய்தியில் இயேசு சொல்கிறார். மத்தேயு நற்செய்தியிலோ, கடைசி நேரத்தில் வந்தவனுக்கும் முழுநாள் கூலி கொடுக்கும் திராட்சைத் தோட்டக்காரர் வருகிறார். காலையிலிருந்து வெயிலில் உழைத்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். அந்த முணுமுணுப்பைக் கதை மறைக்கவில்லை. ஆனால் அதற்குப் பணிந்து கடைசியாக வந்தவனின் கூலியைக் குறைக்கவும் இல்லை. அவன் சோம்பேறியாகச் சும்மா நிற்கவில்லை, யாரும் அவனை வேலைக்குக் கூப்பிடவில்லை என்பதைக் கதை முன்பே சொல்லிவிடுகிறது.

மத நம்பிக்கையைத் துணைக்கு அழைக்காமலும் இதே இடத்துக்கு அருகில் வர முடியும். ஜான் ரால்ஸ் 1971-ல் வெளியிட்ட 'நீதிக் கோட்பாடு' நூலில், யாரும் தகுதி காட்டிப் பெறாத பிறப்பின் ஏற்றத்தாழ்வுகளை ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையைப் பற்றிப் பேசும்போது பள்ளிக்கூடத்தைத்தான் எடுத்துக்காட்டாகத் தருகிறார். திறன் கூடியவர்களைவிடக் குறைந்தவர்களின் கல்விக்கு அதிகம் செலவிட நேரலாம், அதுவும் குறிப்பாகத் தொடக்க ஆண்டுகளில். ரால்ஸின் சொந்தக் கொள்கை அப்படியே இதுவன்று. ஆனால் கீழ்நிலையில் இருப்பவருக்கு நன்மை தராத ஏற்றத்தாழ்வை ஏற்க முடியாது என்ற அவர் நிலைப்பாடு, பியெரீனோவின் குடும்பத்துக்கும் கணக்குக் கேட்கிறது. அவன் முன்னால் போகட்டும், அதனால் ஜான்னிக்கு என்ன கிடைத்தது?

கூடுதல் பங்கு என்று எதைச் சொல்கிறோம் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஏழைப் பிள்ளை பாவம், எளிதான பாடம் போதும், மதிப்பெண்ணைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்பது இரக்கத்தின் உடையில் வரும் அலட்சியம். பார்பியானா கொடுத்த கூடுதல் பங்கு நேரம். அதோடு கவனம். பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல் தானும் பெண்கள் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். 1942-ல் எழுதிய ஒரு கட்டுரையில், பள்ளிப் பாடங்களின் உண்மையான பயன் கவனிக்கும் ஆற்றலை வளர்ப்பதே என்றும், பிரார்த்தனை அந்தக் கவனத்தால் ஆனதே என்றும் அவர் வாதிட்டார். துன்பப்படுகிறவரை முழுமையாகக் கவனிப்பதும் அதே ஆற்றல்தான், அது மிக அரிதானது என்றார். இந்த வழியில் பார்த்தால், எழுத்துக் கூட்டத் திணறும் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து அது எங்கே தடுக்கி நிற்கிறது என்று பார்க்கிற ஆசிரியர் வழிபாட்டுக்கு மிக அருகில் இருக்கிறார். மிலானி சிலுவையை இறக்கிவைத்த வகுப்பறையில் நடந்தது இதுதான்.

பார்பியானாவைப் புகழ்ந்துவிட்டு அதன் கடுமையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மிலானி கண்டிப்பானவர், கோபக்காரர். விளையாட்டை நேர விரயமாக நினைத்தார். வீட்டில் முப்பத்தாறு மாடுகள் இருந்த ஒரு பையன், சாணி அள்ளுவதைவிடப் பள்ளி எவ்வளவோ மேல் என்று சொன்னதைக் கடிதம் பெருமையோடு பதிவு செய்கிறது. பையன் சொன்னது உண்மைதான். ஆனாலும் மாட்டுக்கொட்டகைக்கும் விளையாட்டில்லாத பள்ளிக்கும் இடையே மூன்றாவதாக ஒன்று அவனுக்கு உரியது. ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று 1989-ல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-வது பிரிவு சொல்கிறது. பணக்காரக் குழந்தைக்குத் தானாகக் கிடைக்கும் விளையாட்டை, ஏழைக் குழந்தையிடம் படிப்புக்கு விலையாகக் கேட்பதும் ஒருவகையில் அவனுடைய பங்கைக் குறைப்பதே. அந்த இடத்தில் பார்பியானாவைப் பின்பற்ற வேண்டியதில்லை.

இன்னொரு ஆழமான சிக்கலை மிலானியே எழுப்பிவிட்டுப் போனார். இரத்தப் புற்றுநோயால் அவதிப்பட்டு, கடிதம் வெளியான சில வாரங்களில், 1967 ஜூன் 26 அன்று நாற்பத்து நான்கு வயதில் இறந்தார். தன் மாணவர்களுக்கு எழுதிவைத்த உயிலில், கடவுளைவிட அவர்களையே அதிகமாக நேசித்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். இந்த நுணுக்கங்களைக் கடவுள் பெரிதுபடுத்த மாட்டார், எல்லாவற்றையும் தன் கணக்கிலேயே வரவு வைத்திருப்பார் என்று நம்புவதாகவும் குறிப்பிட்டார்.

ஒரு குருவின் பேனாவிலிருந்து இது சாதாரணமாக வந்துவிடும் வாக்கியம் இல்லை. மனித குலம் முழுவதையும் நேசிப்பதாகச் சொல்வது எளிது. மிலானி நேசித்தது பெயரும் முகமும் உள்ள சில பிள்ளைகளை. அந்த அன்பு கடவுளுக்குப் போட்டியா, கடவுளிடம் போகும் பாதையா? பசித்தவனுக்கும் தாகித்தவனுக்கும் செய்தது தனக்கே செய்தது என்று மத்தேயு நற்செய்தியின் 25-ம் அதிகாரத்தில் இயேசு சொல்லும்போது, அப்படிச் செய்தவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். அவர்கள் செய்யும்போது கடவுளை நினைக்கவில்லை, எதிரே இருந்தவனை மட்டும் பார்த்தார்கள். புண்ணியக் கணக்குக்காகப் பள்ளிக்கு உதவுகிறவர் குழந்தையைத் தாண்டி எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார். குழந்தைக்கு அது உடனே தெரிந்துவிடும். இலவச நோட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு புகைப்படத்துக்கு நிற்கச் சொல்லப்படும் ஒவ்வொரு குழந்தையும் அந்தப் பார்வையை அறியும். உரியதைப் பெறுகிற குழந்தை நன்றிக்கடன் பட்டதாக நிற்கவேண்டியதில்லை. பார்பியானாவில் மிலானியின் வீட்டிலேயே வளர்ந்த மிக்கேலே ஜெசுவால்தி பின்னாளில் ஃபிளாரன்ஸ் மாகாணத்தின் தலைவரானார். எதிர்த்துப் பேசக் கற்றுக்கொண்ட பிள்ளைகள்தான் அந்தப் பள்ளியின் விளைச்சல்.

கடிதம் மூன்று சீர்திருத்தங்களைக் கேட்டது. யாரையும் ஃபெயிலாக்காதீர்கள். மந்தமாகத் தெரிகிறவர்களுக்கு முழுநாள் பள்ளி நடத்துங்கள். அக்கறையில்லாதவர்களுக்குப் படிப்பதற்கு ஒரு நோக்கத்தைக் கொடுங்கள். இம்மூன்றும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை. முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டால், குழந்தை ஃபெயிலாகாமல் கைவிடப்படும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த வாதம் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. 2019-ல் அது திருத்தப்பட்டு, 2024 டிசம்பரில் மத்திய அரசு ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் மறுதேர்விலும் தேறாதவர்களை நிறுத்திவைக்க விதி வகுத்தது. தமிழ்நாடு பழைய முறையே தொடரும் என்று அறிவித்தது. 'ஆல் பாஸ்' போட்டால் தரம் போய்விடும் என்பவர்களும், ஃபெயிலாக்கினால் பிள்ளை வேலைக்குப் போய்விடும் என்பவர்களும் அன்று மோதிக்கொண்டார்கள். இரண்டாவது அணியின் பயத்துக்கு வரலாற்றுச் சான்று நிறைய. ஆனால் அந்த அணிக்குக் கூடுதல் பொறுப்பும் உண்டு. வகுப்பு மாறிய குழந்தை, விட்டுப்போன எழுத்தை யாரிடம், எந்த நேரத்தில் கற்றுக்கொள்ளும்? 2021-ல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யின் மாலை நேர வகுப்புகளும், 2022-ல் ஆரம்ப வகுப்புகளுக்கு வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமும், அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவும் இந்தக் கேள்விக்கான பதிலின் பகுதிகள். வயிறும் நேரமும் கவனமும் சேர்ந்தால்தான் பங்கு முழுமையாகும்.

இத்தாலியும் கடிதத்துக்குப் பாதி செவிசாய்த்தது. 1971-ல் ஆரம்பப் பள்ளிகளில் முழுநாள் வகுப்புக்குச் சட்டம் வந்தது. 1977-ல் மறுதேர்வும் தனி வகுப்புகளும் நீக்கப்பட்டன. ஆனால் முழுநாள் பள்ளி வேரூன்றியது பெரும்பாலும் வசதியான வடக்கு, நடுப் பகுதிகளில். அது அதிகம் தேவைப்படும் தெற்கிலும் சிசிலியிலும் இன்றும் குறைவு. ஜான்னிக்காகக் கேட்ட பங்கு மறுபடியும் பியெரீனோ பக்கம் சாய்ந்துவிட்டது.

சமமில்லாதவர்களுக்குச் சமமாகப் பங்கிடுவதற்கு நம் சட்டத்திலும் ஓர் உதாரணம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஆரம்பப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். இந்தத் தலைக்கணக்கால்தான் நம் ஊர்களில் ஐந்து வகுப்புகளை இருவர் பார்க்கும் ஈராசிரியர் பள்ளிகள் நிலைத்திருக்கின்றன. செங்கல் சூளைத் தொழிலாளர் பிள்ளைகளும், வேற்று மொழி பேசும் புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளும், வீட்டில் முதல்முறையாகப் புத்தகம் தொடும் பிள்ளைகளும் நிறைந்த பள்ளிக்கும், பட்டதாரிப் பெற்றோரின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கும் அட்டவணை ஒரே எண்ணைத்தான் தருகிறது. யார் பிள்ளைகள், எங்கிருந்து வருகிறார்கள், வீட்டில் யார் சொல்லித் தருவார்கள் என்று அது கேட்பதில்லை. ஆசிரியர் நியமனத்தில் இந்தக் கேள்விகளையும் சேர்த்து, சிரமம் அதிகமுள்ள ஆரம்பப் பள்ளிகளுக்கு மூன்றாவது, நான்காவது ஆசிரியரை முதலில் கொடுப்பதற்குச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. அட்டவணை சொல்வது குறைந்தபட்சம், அதற்கு மேல் கொடுக்க மாநிலத்துக்குத் தடை ஏதும் இல்லை.